வல்லாரைப் பாத்தி

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் நான் ஒரு மண்வெட்டி வாங்கினேன். அதுவரை பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் என் கை பிடித்ததில்லை. இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். தமிழ்ச் சாட்சி சொல்வதைச் சிங்களத்தில் நீதவானுக்குச் சொல்ல வேண்டும், நீதவான் கேட்பதைத் தமிழில் சாட்சிக்குச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி அழுதுகொண்டு சொல்வதை நான் அழாமல் சொல்ல வேண்டும். சாட்சி கெட்ட வார்த்தை சொன்னால் அதையும் கூச்சப்படாமல் அப்படியே சொல்ல வேண்டும். யாருடைய ஒரு சொல்லையும் நான் விழுங்கியதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

எங்கள் வீடு பேராதனைக்கும் கடுகண்ணாவைக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. பின்பக்கம் படிக்கட்டுபோல மூன்று தட்டாக நிலம். அங்கே என் மனைவி துணி காயப் போடுவாள், பழைய ஓடுகள் கிடக்கும், மழைக்காலத்தில் நத்தைகள் மேயும். இருபது வருடமாக அந்த இடத்தில் வேறெதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் கொழும்பில் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

என் மனைவி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது தெரிய வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். வீடு அமைதியாக இருக்கும்போது அது டிக் டிக்கென்று அடிப்பது பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பத்திரிகை வாசிக்க நான் பழகிவிட்டேன்.

இப்படி வால்வு வைத்தவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை உண்டு. மாத்திரை கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி பிடிக்கும். அதனால் மாதம் ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதித்து, அது எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் எண்ணைக் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ஒன்பது வருடமாக அது பெரும்பாலும் அங்கேதான் நின்றது.

நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் அவளைப் பார்த்தேன். விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். காலையில் கண்டிக்குப் பஸ் ஏறி இருட்டும் நேரத்தில் திரும்பியவனுக்கு, பத்து மணிக்கு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியாது. படியேறி வந்தால் அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதும் தெரியாது. "எப்பவும் இப்படித்தான். நீங்க இப்பத்தானே பாக்குறீங்க" என்றாள். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சுருக்கில் பிறந்ததுதான் மூலிகைத் தோட்டம். சந்தைக் கீரைக்கு மருந்து அடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நம் மண்ணில், நம் கையால், மருந்தில்லாமல் வளர்த்து இவளுக்குக் கொடுத்தால் உடம்பு தேறும் என்று நினைத்தேன். வல்லாரை, பொன்னாங்காணி, சாத்தாவாரி, ரம்பை, சேரைப்புல், கறிவேப்பிலை என்று பட்டியல் போட்டேன். எதையும் பட்டியலில் தொடங்குவது உத்தியோகத்தில் இருந்தவனின் வியாதி.

முதல் வல்லாரையை உச்சி வெயில் விழும் மேல்தட்டில் வைத்தேன். நான்கு நாளில் கருகியது. அது நிழலும் ஈரமும் தேடும் கீரை என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிக்கு அப்பால் நின்று சொன்னார். அவர் வீட்டுக் கிணற்றடியில் வல்லாரை பாய் விரித்ததுபோல் கிடந்தது. கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கையை ஆட்டி மறுத்தார். மூலிகைச் செடியைக் கேட்டு வாங்கி, நன்றி சொல்லிக் கொண்டுபோனால் பிடிக்காதாம், களவாக எடுத்தால்தான் தழைக்குமாம். எங்கள் ஆட்களிடமும் இந்த நம்பிக்கை உண்டு. "நான் பார்க்கவில்லை, மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு கோழிகளைக் கூப்பிடத் தொடங்கினார். எத்தனையோ களவு வழக்குகளில் வாக்குமூலம் மொழிபெயர்த்தவன், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேலிக்குள் கைவிட்டு வல்லாரைக் கொடியைப் பிடுங்கினேன்.

என் மனைவி பின்கதவில் நின்று பார்த்துவிட்டாள். "கோட்டு ஐயா களவெடுக்குறாரு, யாராச்சும் வந்து சாட்சி சொல்லுங்க!" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி, கதவைப் பிடித்துக்கொண்டாள்.

களவுச் செடி தழைத்தது. நடுத்தட்டில், கொய்யா மர நிழலில், உடைந்த ஓடுகளை ஓரம் வைத்து மூன்று பாத்தி கட்டினேன். சாமான் கழுவிய தண்ணீர் அங்கே பாய வழி செய்தேன். நத்தைகளைக் காலையில் வாளியில் பொறுக்கினேன். குரங்குகள் வந்து கறிவேப்பிலைக் கன்றை ஒடித்துப் போட்டன. அது இரண்டு கிளையாக வெடித்து முன்னைவிட நன்றாக வந்தது. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் சீவிய குச்சியில் மூன்று மொழியிலும் பெயர் எழுதி நட்டேன். "செடிக்கு வாசிக்கத் தெரியுமாங்க?" என்று கேட்டாள். நீதிமன்ற நடைமுறை என்றேன். உண்மையில் எனக்கு அந்தக் காலைகள் மிகவும் சந்தோஷமாக இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்லும் மற்றதும் பொய்யாகிவிடும்.

அப்புறம் கஞ்சி. இலைக்கஞ்சி கண்டிப் பக்கத்தில் தெருவோரத் தள்ளுவண்டியிலும் விற்கும் சாதாரணச் சாமான்தான். சிவப்புப் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, இலைகளை அரைத்து வடித்த சாற்றையும் தேங்காய்ப்பாலையும் ஊற்றி, இரண்டு பல்லுப் பூண்டு போட்டு இறக்க வேண்டும். கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி. முதல் நாள் அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் பொங்கி அடுப்பை அணைத்தது. மூன்றாம் நாள் பச்சைப் பசேலென்று ஒரு கோப்பை நிறைய அவள் கையில் கொடுத்தேன். அடுப்படியில் அவள் கதிரையில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

"நல்லாயிருக்குங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கஞ்சி. பாத்தி சிறிதாக இருந்தபோது ஒரு பிடி இலை போட்டேன். மழை பிடித்துக் கீரை பொங்கியபோது மூன்று பிடி, நான்கு பிடி. அவள் களைப்பாக இருக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். மத்தியானத்துக்குப் பொன்னாங்காணிச் சுண்டல், இரவுக்கு வல்லாரைச் சம்பல். எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இரண்டாவது மாதக் கிளினிக்கில் எண் இரண்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கொப்பியைப் பார்த்த நர்ஸ் மிஸ் முகத்தைச் சுளித்தார். "மாத்திரை தவறியதா? வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாரா? சாப்பாட்டில் மாற்றம் உண்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். என் மனைவிக்குச் சிங்களம் கேட்டால் விளங்கும், பதில் சொல்ல வராது. ஒன்பது வருடமாக அவளுக்காக நான்தான் பேசுவது. அவளைக் கேட்டு, அவள் சொன்னதைச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். நானே சொல்லிவிடுவேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, அந்தக் கஞ்சியப் பத்தி..."

"நீ சும்மா இரு" என்றேன். மிஸ்ஸிடம் திரும்பி, "ஒரு மாற்றமும் இல்லை மிஸ். மாத்திரையை நானே கையில் கொடுக்கிறேன்" என்று நல்ல சிங்களத்தில், நீதிமன்றச் சிங்களத்தில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தடவை என்னை நானே கூண்டில் ஏற்றிக் கேட்டிருக்கிறேன். இங்கிலிஷ் மருந்து எழுதுபவர்களிடம் நாட்டு வைத்தியம் பற்றி வாய் திறந்தால் ஏசுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம். எண்ணெய், கஷாயம், குளிசை எதைச் செய்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் அதை மறந்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. வேறு மருந்து உண்டா என்று கேட்டபோது, கஞ்சி சாப்பாடுதானே என்று என் மனம் சொன்னது. சாப்பாட்டில் மாற்றமா என்று கேட்டபோது, அது மருந்தல்லவா என்று அதே மனம் சொன்னது. இப்படி இரண்டு கேள்விக்கும் நடுவால் கஞ்சிக் கோப்பை நழுவிப் போய்விட்டது. ஒரு சாட்சி இப்படிப் பதில் சொல்லியிருந்தால், இவன் எதையோ மறைக்கிறான் என்று நான் மனத்துக்குள் எழுதி வைத்திருப்பேன்.

மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் வரச் சொன்னார்கள். அந்த வாரம் எண் சற்று ஏறியது. எனக்குத் திருப்தி. கஞ்சி வேலை செய்கிறது என்றுகூட நினைத்தேன். இப்போது எழுதவே கை கூசுகிறது.

அதற்குப் பிறகு சரியாகப் பன்னிரண்டாம் நாள் காலை. மழை விட்டிருந்தது. கோப்பையை அவள் வலது கையில் கொடுத்துவிட்டுக் கருப்பட்டி எடுக்கத் திரும்பினேன். பின்னால் கோப்பை விழுந்து உடையும் சத்தம். பச்சைக் கஞ்சி சிமெந்துத் தரையெல்லாம் ஓடியது. அவள் தன் கையையே யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அது எந்த மொழியும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாதான் ஓடிப்போய் த்ரீவீலர் பிடித்து வந்தார். பேராதனைச் சந்தி வரும்வரை அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு போனேன். வால்வு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டேதான் இருந்தது.

வார்டில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார், யாழ்ப்பாணத்துத் தமிழ். வால்வில் பிடித்த கட்டி உடைந்து மூளைக்குப் போயிருக்கிறது, வலது பக்கமும் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். பிறகு கொப்பியைப் புரட்டிக்கொண்டு, கடைசி இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். நான் கஞ்சியைச் சொன்னேன். எத்தனை பிடி என்றும் சொன்னேன். அவர் ஏசவில்லை, அதுதான் பெரிய தண்டனை.

"ஐயா, கீரை சாப்பிடக்கூடாது எண்டு நாங்கள் ஒருநாளும் சொல்லேல்லை. கீரையில இருக்கிற சத்து இந்த மாத்திரையின்ர வேலையைக் குறைக்கும். அதாலதான் எவ்வளவு சாப்பிடுறியள் எண்டு நாங்கள் தெரிஞ்சிருக்க வேணும். நீங்கள் ஒரு மாற்றமும் இல்லை எண்டுதானே மிஸ்ஸிட்ட சொல்லியிருக்கிறியள்?"

"ஆமா" என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் பின்பக்கம் இறங்கினேன். வல்லாரையை வேரோடு பிடுங்கினேன். பொன்னாங்காணியை, சாத்தாவாரியை, ரம்பையை, பெயர் எழுதிய குச்சிகளை, எல்லாவற்றையும் பிடுங்கி ரயில் பாதைப் பக்கம் எறிந்தேன். கறிவேப்பிலை மட்டும் வரவில்லை. இழுத்து இழுத்துக் கை கிழிந்து, அதன் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வேலிக்கு அப்பால் கோழிகளைக் கூப்பிடும் சத்தம் நின்றது. அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், டாக்டர் திருப்பித் தந்திருந்த கொப்பியைப் பையிலிருந்து எடுத்தேன். முன்பக்கங்களில் மூன்று மொழியிலும் அறிவுரை அச்சிட்டிருந்தது. நான் ஒருநாளும் அதை வாசித்ததில்லை, எண் எழுதும் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பேன். தமிழ்ப் பக்கம் ஒன்றின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. இலைக்கறிகளின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, மாற்றினால் கிளினிக்கில் சொல்ல வேண்டும் என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு. என் மனைவி தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். எழுத்துக் கூட்டி வாசித்து, கோடு போட்டு, மடித்து வைத்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. மிஸ்ஸின் முன்னால் என் சட்டையைப் பிடித்து இழுத்தது அதைச் சொல்லத்தான். வீட்டுக்கு வந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை, ஏன் தொடர்ந்து குடித்தாள் என்று கேட்டால், அதற்கும் பதில் எனக்குத் தெரியும். கல்யாணம் முடித்து முப்பத்துநாலு வருடத்தில் ஒரு பிளேன்டீகூட நான் அவளுக்கு ஊற்றிக் கொடுத்ததில்லை. முதல்முதலாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இதை அவள் சொல்லி நான் அறியவில்லை. என் ஊகம் தவறாக இருந்தால் நல்லது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அந்த டாக்டர் சொன்னார்: "கீரையை ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ. அப்பிடி நிப்பாட்டினாலும் இரத்தம் அளவுக்கு மிஞ்சி இளகிப்போகும். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு. ஒரு பிடி காணும்."

பிடுங்கி எறிந்ததை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எத்தனை பேரை நானே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் வேலியருகே போய் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், வெறும் பாத்தியைப் பார்த்தார். முதுகைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை கோழிகளைக் கூப்பிடவில்லை. அவர் முந்தானை கண்ணுக்குப் போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். வேலிக்குள் கைவிட்டு, ஒரு பாத்திக்குப் போதுமான கொடியை மட்டும் எடுத்தேன். மற்ற இரண்டு பாத்தியும் இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கின்றன.

இப்போது காலையில் அவளைக் கதிரையோடு பின்கதவடியில் இருத்துகிறேன். நான் கீரை கிள்ளி அவளுடைய இடது கையில் வைப்பேன், அவள் விரலை மூடுவாள். மூடிய கைக்குள் அடங்குவது அன்றைய அளவு. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போடுவேன். பேச்சு மெதுவாகத் திரும்புகிறது. "தண்ணி" வந்தது, "வேணாம்" வந்தது. ஒருநாள் குரங்கைப் பார்த்து "போ" என்றாள்.

வீடு திரும்பிய பின் நாலாவது மாதக் கிளினிக். எண் சரியாக இருந்தது. அதே மிஸ், அதே கேள்வி: சாப்பாட்டில் மாற்றம் உண்டா? நான் சக்கர நாற்காலியின் முன்னால் குனிந்து, அந்தக் கேள்வியை அப்படியே தமிழில் அவளிடம் சொன்னேன். ஒன்பது வருடத்தில் செய்யாத வேலை. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நெற்றியில் வியர்த்தது. பின்னால் வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். எனக்கோ பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. பொறுக்க முடியவில்லை. மிஸ்ஸின் பக்கம் திரும்பி, "தினமும் ஒரு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவளுடைய இடது கை என் கைமேல் விழுந்தது.

"சும்மா... இருங்க" என்றாள்.

நோய் வந்த பிறகு அவள் வாயில் வந்த முதல் முழு வாக்கியம் அது. "என்ன சொல்கிறார்?" என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார். நான் நிமிர்ந்து, கூண்டருகே நிற்பதுபோல நின்று சொன்னேன்: "என்னைச் சும்மா இருக்கச் சொல்கிறார், மிஸ்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மனைவி இடது கையை மடிமேல் எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடி, எங்கள் இருவருக்கும் உயர்த்திக் காட்டினாள்.